வானத்துக்கும் மாவட்டம் உண்டு

இணையத்தில் படிப்பதற்கு முதலில் வேண்டியது நல்ல செருப்பு. கைபேசி, டேட்டா, கடவுச்சொல் எல்லாம் பிறகு வருகிற சங்கதிகள். ஆலங்குடா றைஸா இதைக் கண்டுபிடித்தது, புத்தளம் கந்தோர்ப் படியை நாலாம் தரம் ஏறிக்கொண்டிருந்தபோது. அன்றைக்குத்தான் அவளுடைய செருப்பின் வார் அறுந்தது.

கந்தோரின் பெயர் ‘தேசிய எண்முறைத் தொழிற்றிறன் விருத்தி அதிகாரசபை, புத்தளம் கிளை’. கட்டடத்தை விடப் பெயர் நீளம். ஆகவே ‘கிளை’ என்ற சொல்லை மட்டும் பக்கத்து பேக்கரிச் சுவரில் எழுதி, அந்தச் சுவருக்கு மாதா மாதம் வாடகை கட்டினார்கள். புதிதாக வருகிறவர்கள் பேக்கரிக்குள் புகுந்து விண்ணப்பம் கேட்பார்கள். பேக்கரிக்காரரும் நல்ல மனுஷன். பாண் வாங்கினால் படிவம் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்.

வாசலில் ஒரு பெனர் தொங்கியது. ‘வீட்டிலிருந்தே படியுங்கள்! விண்ணப்பங்கள் நேரில் மட்டுமே ஏற்கப்படும்.’

றைஸா சேர வந்தது பராமரிப்புக் கற்கையில். ஆசைக்குப் படிக்கிற படிப்பல்ல. புருஷன் குருணாகல் பக்கம் இன்னொரு கல்யாணம் முடித்துப் போன பிறகு, சிலாபத்தில் நிக்கொலஸ் டொக்டரின் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கூட்டிக் கழுவுகிற வேலைக்குப் போனாள். டொக்டர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்:

“உம்மை பராமரிப்பு உதவியாளரா எடுக்கிறன். பிள்ளையோட தங்க ஒரு அறையும் தாறன். ஆனா சும்மா எடுக்க ஏலாது, படிப்புத் தொடங்கியிருக்க வேணும். முதலாம் பாடம் முடிச்சதுக்கு அத்தாட்சி கொண்டு வாரும். வாற முதலாம் தேதி வரைக்கும்தான் இடத்தை வெச்சிருப்பன்.”

மறுபக்கம் ரஸாக் நானா. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர். வாரத்தில் இரண்டு தரம் மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு, “ரியாத்தில நல்ல வீடு தங்கச்சி. ஒரு மூத்தம்மாவப் பாத்தாச் சரி. ரெண்டே ரெண்டு வருஷம். ஓம் எண்டு சொன்னா மத்தத நான் பாத்துக்கிறன்,” என்பார். அவர் வந்தால் றைஸாவின் மகள் ஷஸ்னா உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொள்வாள். ஐந்து வயது. இன்னமும் உம்மாவின் காதைப் பிடித்தபடிதான் தூங்குவாள்.

ஆக, பாடம் தொடங்கினால் சிலாபம், பிள்ளையோடு. தொடங்காவிட்டால் ரியாத், பிள்ளை இல்லாமல். நடுவில் அதிகாரசபை.

முதல் நாள் கவுண்டரில் இருந்தவர் அனஸ்தாசியா மிஸ்.

“மிஸ், ஒன்லைன்ல அப்ளை பண்ண லிங்க் ஒண்டு இருக்காமே?”

“ஓம், இருக்கு. நோட்டீஸ் போர்ட்டில ஒட்டியிருக்கு. பாத்து எழுதிக்கொண்டு போங்க.”

நோட்டீஸ் போர்ட் கண்ணாடிக்குள் பூட்டியிருந்தது. உள்ளே வெயிலில் வெளுத்த கடதாசி. அதில் மூன்று வரி நீளத்துக்கு ஆங்கில எழுத்தும் இலக்கமும் கோடும் புள்ளியும். எட்டுப் பத்துப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வரி நடுவில் ஒரு பல்லி செத்து ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே என்ன எழுத்து என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

“மிஸ், பல்லியக் கொஞ்சம் எடுத்து விட ஏலாதா?”

“பூட்டுத் திறப்பு பணிப்பாளர் சேர்ட்ட. சேர் லீவு.”

“எப்ப வருவார்?”

“அது வெப்சைட்டில போடுவம். லிங்க்ல போய்ப் பாருங்க.”

கடைசியில் பேக்கரிக்காரர்தான் சொன்னார், பல்லிக்குக் கீழே இருப்பது ஏழாம் இலக்கம் என்று. பல்லி சாகுமுன் அவர் பார்த்திருக்கிறார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதை அச்செடுத்து, கிராம சேவகரிடம் ஒப்பம் வாங்கி, அந்த அச்சைப் படம்பிடித்து மறுபடி ஏற்றி, ஏற்றியதற்கு வந்த குறுஞ்செய்தியை அச்செடுத்துக் கொண்டு வரச் சொன்னார்கள். றைஸா எல்லாம் செய்தாள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை. முன்னுக்கு நிற்கிற ஆளின் முதுகுதான் தெரியும்.

பிறகு தொடக்க விழா. இணையவழிக் கற்கையின் இணையவழித் தொடக்க விழாவுக்கு மாணவர்கள் அனைவரும் நேரில் வர வேண்டும், வராதவர் நீக்கப்படுவார் என்று அறிவித்தார்கள். மண்டபத்தில் கதிரை போட்டு, முன்னால் பெரிய திரை கட்டியிருந்தது. பணிப்பாளர் மஸாஹிர் சேர் திரையில் தோன்றினார். அவர் இருந்தது பக்கத்து அறையில். நடுவில் ஒரு பலகைச் சுவர்.

“அன்பார்ந்த தூரத்து மாணவர்களே!” என்றது சுவர்.

கொஞ்சம் பொறுத்துத் திரையும், “அன்பார்ந்த தூரத்து மாணவர்களே!” என்றது.

“தூரம் செத்துவிட்டது. அதைக் கொன்றது எங்களது அதிகாரசபை. இந்தக் கட்டடத்தைக் கட்டி முடிக்க ஆறு வருஷம் எடுத்தது. ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். கட்டடமே தேவையில்லாத கல்விக்கு எப்படிப்பட்ட கட்டடம் தேவை என்று ஆராய நாங்கள் மூன்று நாடுகளுக்குப் போனோம். அங்கே ஒரு நாட்டிலும் அப்படிக் கட்டடம் இல்லை. ஆகவே முதன்முதலில் கட்டிய பெருமை நமக்கே!”

கைதட்டல், சுவருக்கு ஒன்று, திரைக்கு ஒன்று.

“முந்தி வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் மழையில் நனைந்தார்கள். இனி அந்தக் கவலை இல்லை. மழை பெய்தால் கரண்ட் போகும். வகுப்பே நடக்காது. ஒருவரும் நனைய மாட்டார்கள்!”

மண்டபம் சிரித்தது. அனஸ்தாசியா மிஸ் பாய்ந்து வந்தார்.

“சிரிக்க வேணாம்! சேர் இன்னும் பகிடி சொல்லல்ல!”

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். திரை அதே பகிடியைச் சொல்லி முடித்தது. ஒரு சத்தமும் இல்லை. திரையில் சேரின் முகம் வாடியது.

“ம், இப்ப சிரிங்க,” என்றார் மிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெளியேறும்போது ஆளுக்கொரு தலையணை கொடுத்தார்கள். பராமரிப்புக் கற்கையில் செய்முறைப் பாடம் உண்டு. நோயாளியைத் திருப்புவது, துடைப்பது, சாய்த்து உட்கார வைப்பது எல்லாம் இந்தத் தலையணையில்தான் செய்து காட்ட வேண்டும். பெயர் ‘நியம நோயாளி’. வெள்ளை உறை. வீட்டுத் தலையணை ஏற்கப்படாது, அதில் பூ இருக்கும்.

றைஸாவின் உம்மா அலீமா தலையணையை வாங்கித் தடவிப் பார்த்தார். “ஏன் புள்ள, பூப்போட்ட தலகாணிக்கு நோய் வருத்தம் வராதாமா?”

“கதைக்காதீங்க உம்மா. இது அரசாங்கச் சாமான்.”

“அரசாங்கத்துக்கு வருத்தம் எண்டு எனக்கு முந்தியே தெரியும். தலகாணிக்கும் தொத்திட்டுது போல.”

முதலாம் பாடத்தன்று றைஸா சுவர் ஓரமாகப் பாய் விரித்து, நியம நோயாளியைக் கிடத்தி, கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுக் கடவுச்சொல்லை அடித்தாள். ஷஸ்னா மூச்சுக் காட்டாமல் பக்கத்தில் இருந்தாள். திரை சுற்றியது, சுற்றியது. பிறகு சிவப்பாக எழுதியது: ‘நீங்கள் உங்கள் கற்கை மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறீர்கள். உங்கள் மாவட்டம்: மன்னார்.’

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தொண்ணூறில், யுத்தத்தில், மன்னார் முசலிப் பக்கமிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனத்தில் றைஸாவின் வாப்பாவும் உம்மாவும் சேர்த்தி. றைஸா பிறந்ததே புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். யுத்தம் முடிந்ததும், பேர் ஊரில் இருந்தால்தான் காணி, வீடு எல்லாம் என்று வந்து சொன்னார்கள். வாப்பா குடும்பத்தின் எல்லாப் பேரையும் கொண்டுபோய் அங்கே பதிந்தார். பேர் போனது. ஆட்கள் போகவில்லை. போவதற்கு அங்கே கூரையும் இல்லை, கிணறும் இல்லை, காடுதான் இருந்தது. வாப்பா மௌத்தாகி இங்கேயே மண்ணுக்குள் போனார். அவர் பேர் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. வாக்கு ஒரு மாவட்டத்தில், வயிறு ஒரு மாவட்டத்தில் என்று எத்தனையோ வீடு இருக்கிற கரை இது. அதிகாரசபையின் கணினிக்கு இந்தக் கதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

றைஸா பணிப்பாளரிடம் போனாள். மஸாஹிர் சேர் பொறுமையாக விளக்கினார். பொறுமையில் அவருக்குப் பயிற்சி இருந்தது.

“தங்கச்சி, பாடம் வானத்தால வருது. அதை நானும் ஒத்துக்கொள்றன். அதுக்காக வானத்தை ஆளில்லாக் காணி மாதிரி விட ஏலுமா? மாவட்டம் மாவட்டமாப் பிரிச்சிருக்கம். புத்தளம் வானம் நிறைஞ்சிட்டுது. மன்னார் வானத்தில உங்கட பேருக்கு ஒரு இடம் இருக்கு. நீங்க அதுக்குக் கீழ போய் நிண்டாச் சரி.”

“எண்ட வீடு இங்க, சேர்.”

“வீட்ட நான் குறை சொல்லல்ல.”

மன்னார்க் கிளைக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். “நீங்க புத்தளத்தில இருந்துகொண்டு எங்கட இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க,” என்று அங்கே ஏசினார்கள்.

முதலாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பாடத்தை இன்னொரு தரம் நடத்துவதாக அறிவித்தார்கள். றைஸா சுபஹுத் தொழுகைக்கு முன் எழும்பி, அபாயாவைப் போட்டு, நியம நோயாளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மன்னார் மாவட்டத்துக்குப் போக வில்பத்துக் காட்டுப் பாதை கிட்டத்தான், அது மூடிக் கிடக்கிறது. ஆகவே அநுராதபுரம், மதவாச்சி என்று நாட்டில் பாதியைச் சுற்றிக்கொண்டு மன்னாருக்குப் போக வேண்டும். வழியில் கண்டக்டர் தலையணையைப் பார்த்துவிட்டு, “அக்கா, படுக்கவா போறீங்க?” என்றான்.

“இல்ல தம்பி. வகுப்புக்கு.”

அவன் அதற்குப் பிறகு அவள் பக்கம் வரவில்லை.

மன்னார் பஸ் ஸ்டாண்டில் ஒரு சீமெந்து வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள். பச்சை எழுத்து வந்தது: ‘மாவட்டம் சரி. வருக, றைஸா.’ அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து மன்னார் அவளை வா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

விரிவுரையாளர் ஃபர்ஸானா மிஸ் திரைக்கு வந்தார். “இன்று நோயாளியைத் துடைத்துவிடும் முறையைப் பார்ப்போம்,” என்றார். அவருக்குப் பின்னால் ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே ஒரு மஞ்சள் சுவர். சுவரில் ‘கிளை’ என்று எழுதியிருந்தது.

றைஸா கைபேசியைக் கண்ணுக்குக் கிட்ட எடுத்துப் பார்த்தாள். பேக்கரிச் சுவர்தான். மிஸ் புத்தளத்தில் இருந்து படிப்பிக்கிறார். புத்தளத்திலிருந்து வருகிற பாடத்தைக் கேட்க அவள் புத்தளத்தை விட்டு அரை நாள் ஓடி வந்திருக்கிறாள்.

வேறு வழியில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து துவாயை நனைத்து, மிஸ் சொல்லச் சொல்ல நோயாளியின் நெற்றி இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்தாள். கழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்தாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். வயதான அம்மா ஒருவர் குனிந்து, “என்ன புள்ள, புள்ளைய இழந்துட்டியா?” என்று கேட்டு அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போனார்.

“இப்போது நோயாளியிடம் அன்பாகப் பேசுங்கள்,” என்றார் மிஸ். “மதிப்பெண் உண்டு.”

“பயப்படாதீங்க,” என்றாள் றைஸா தலையணையிடம். “எல்லாம் சரிவரும்.” பக்கத்தில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.

திரும்பி வருகிற வழியில், மதவாச்சியில், குறுஞ்செய்தி வந்தது. ‘முதலாம் பாடம்: பூர்த்தியாகவில்லை. காரணம்: கற்கைச் சூழல் வீடு அல்ல. பின்னணியில் பஸ் தெரிகிறது.’

மறுநாள் மஸாஹிர் சேர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். இணையவழிக் கல்விக்காக இவ்வளவு தூரம் பயணம் செய்த முதல் மாணவி அவள்தான் என்று சொல்லி, ஆண்டறிக்கைக்கு ஒரு படமும் எடுத்தார். படத்தில் தலையணையும் வந்தது.

“சேர், படம் கிடக்கட்டும். எண்ட பேரைப் புத்தளத்துக்கு மாத்த என்ன செய்யணும்?”

“சின்ன வேலை. மன்னாரில நீங்க இல்ல எண்டு ஒரு கடிதம் கொண்டு வாங்க.”

வீட்டில் சொன்னதும் உம்மா வெடித்தார். “உன்ட வாப்பா அந்தப் பேரை அங்க கொண்டுபோய் வெச்சது நீ வெட்டி எறியவா?” கடற்கரைப் பக்கம் திரும்பினார். அங்கே நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற நிலக்கரிப் புகைபோக்கி புகைத்துக்கொண்டு நின்றது. வீட்டில் கரண்ட் இல்லை. “வெட்டு புள்ள. பேரா நமக்குச் சோறு போட்டது?”

றைஸா முசலிக் கிராம சேவகருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“இங்கேருந்து போயிட்டீங்க எண்டு நான் எப்படி எழுதுற?” என்றார் அவர். “நீங்க இங்க வந்து இருந்ததே இல்லையே.”

“அப்ப நான் அங்க இல்ல எண்டு எழுதித் தாங்க.”

“இல்லாத ஆளுக்கு நான் எப்படி கடிதம் கொடுக்கிற? நேர்ல வாங்க. வந்தீங்க எண்டா இருக்கீங்க எண்டுதான் எழுத வேண்டி வரும். நல்லா யோசிச்சு வாங்க.”

முதலாம் தேதிக்கு இரண்டு நாள் இருக்க, ரஸாக் நானா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. “இண்டைக்குப் பதில் வேணும் தங்கச்சி. அந்த வீட்டுக்காரங்க பொறுக்க மாட்டாங்களாம்.”

ஷஸ்னா கதவை அடைக்கிற சத்தம் கேட்டது.

“ஓம்,” என்றாள் றைஸா.

அன்றைக்கே பின்னேரம் நியம நோயாளியைத் திருப்பிக் கொடுக்கக் கந்தோருக்குப் போனாள். அரசாங்கச் சாமானை வைத்திருந்தால் பாஸ்போட்டில் பிரச்சினை வரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அனஸ்தாசியா மிஸ் உறையில் கறை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து மஸாஹிர் சேர் வந்தார்.

“என்ன தங்கச்சி, விட்டுட்டுப் போறீங்களா? நீங்க எங்கட ஆண்டறிக்கையில இருக்கிற ஆள்!”

“சவூதிக்குப் போறன் சேர். வீட்டு வேலைக்கு.”

சேரின் முகம் மலர்ந்தது. “சவூதியா? இதை ஏன் இவ்வளவு நாளும் மறைச்சீங்க? வெளிநாட்டு வாழ் இலங்கையர் எண்டு எங்களிட்ட தனிப் பிரிவே இருக்கு. அதுக்கு மாவட்டம் கிடையாது! கிராம சேவகர் கிடையாது! மிஸ், அந்தக் கணினியத் திறங்க!”

பிளேன்டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. பல்லி இல்லை, அச்சு இல்லை, ஒப்பம் இல்லை. றைஸா ரியாத் மாணவியாகப் பதியப்பட்டாள். சேர் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஆளுக்கு உதவி செய்த களைப்பு.

“சேர்,” என்றாள் றைஸா. “அப்ப எனக்கு அந்த முதலாம் பாடத்த மட்டும் இப்பவே திறந்து தாங்க. நாளைக்கிடையில முடிச்சிடுவன். சிலாபத்தில டொக்டர் இடம் வெச்சிருக்கார். ரஸாக் நானாட்ட நான் வரல்ல எண்டு சொல்லிடுவன்.”

“அது ஏலாதே. நீங்க இங்க நிக்கிறீங்க. வெளிநாட்டில இருந்தாத்தான் இது வேலை செய்யும். முதல்ல போங்க. போனதும் தானாத் திறக்கும்.”

“நான் படிக்கிறதே போகாம இருக்கத்தானே, சேர்.”

மஸாஹிர் சேர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு மேசையிலிருந்த அதிகாரசபையின் நோக்கக் கூற்றை எடுத்து, மேலிருந்து கீழே ஒருதரம் வாசித்தார்.

“அப்படி ஒரு நோக்கம் எங்களுக்கு இல்லையே தங்கச்சி,” என்றார்.

ரியாத்தில் கைபேசி வீட்டுக்கார மேடத்தின் அலுமாரிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கைக்கு வரும். முதல் வெள்ளிக்கிழமை றைஸா குசினிக்குப் பின்னாலிருந்த தன்னுடைய இடத்தில், சலவை மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள். சேர் பொய் சொல்லவில்லை. பாடம் தானாகவே திறந்தது. ஃபர்ஸானா மிஸ் தலையணையைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்பினார். காலையில் றைஸா மேல் மாடியில் அந்த வீட்டுக் கிழவியைத் திருப்பித் துடைத்துவிட்டு வந்த கை இன்னும் வலித்தது.

பாதியில் ஆலங்குடாவிலிருந்து அழைப்பு வந்தது. ‘இப்போது வெளியேறினால் பாடம் இரத்தாகும்’ என்றது திரை. றைஸா வெளியேறினாள்.

ஷஸ்னாவின் முகம் திரை முழுக்க வந்தது. “உம்மா, வகுப்புலயா இருக்கீங்க? மூத்தம்மா சொன்னா நீங்க வகுப்புக்குப் போயிருக்கீங்களாம்.”

பின்னாலிருந்து றைஸாவின் உம்மா அலீமாவின் குரல் மட்டும் கேட்டது. “நான் வேற என்னத்தச் சொல்ல?”

“ஓம் மவள். வகுப்புலதான்.”

“எத்தன நாள் வகுப்பு?”

படிப்பு ஆறு மாதம். ஒப்பந்தம் இரண்டு வருஷம்.

“ரெண்டு வருஷம்,” என்றாள் றைஸா.

ஷஸ்னா கணக்குப் பார்க்கிறாளா, அழப் போகிறாளா என்று தெரியவில்லை. படம் ஒருதரம் நின்று போய் மறுபடி அசைந்தது.

“அப்ப என்னோட கதைச்சு நேரத்த வீணாக்காம போய்ப் படிங்க உம்மா,” என்றாள். “கெதியாப் படிச்சு முடிச்சா கெதியா வீட்டுக்கு விடுவாங்க.”

அவளே கைபேசியை வைத்துவிட்டாள்.